பெட்டியில் போட்டிருக்கும் ஸ்டால் எண்ணை நம்பி டார்க் கன்வர்ட்டர் வாங்கலாமா?

கேள்வி இது: 5.3 லிட்டர் எல்எஸ் வகை வி8 எஞ்ஜின், 4எல்60இ ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், பின்சக்கர இயக்கம், ஆக்சில் விகிதம் 3.73, டயர் விட்டம் 66 செ.மீ., ஆள் உட்கார்ந்த நிலையில் எடை 1700 கிலோ. 224 டிகிரி கேம்ஷாஃப்ட் மாற்றிய பிறகு, பிரேக்கை மிதித்து டி-யில் நின்றால் ஐடில் இறங்கித் திணறுகிறது. புறப்படும்போது முதல் சில மீட்டர் மந்தம். தினசரி ஓட்டும் வண்டி, எப்போதாவது கால் மைல் டிராக். எஞ்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே ஆயில் வழியாகச் சுழற்சியைக் கடத்தும் டார்க் கன்வர்ட்டர் 2800, 3200, 3600 என மூன்று ஸ்டாலில் (வண்டியை நகரவிடாமல் பிடித்து முழு த்ராட்டில் கொடுத்தால் எஞ்ஜின் ஏறி நிற்கும் ஆர்பிஎம்) கிடைக்கிறது. எதை எடுப்பது?

நேர் பதில்: உங்கள் எஞ்ஜினுக்குப் பின்னால் 3000 முதல் 3200 வரை ஸ்டால் ஆகக்கூடிய, 9.5 அல்லது 10 அங்குல, லாக்கப் (வழுக்கலின்றி நேராக இணைக்கும் கிளட்ச்) உள்ள கன்வர்ட்டர். ஸ்டால் டார்க் விகிதம் (நின்ற நிலையில் டார்க் பெருகும் மடங்கு) 1.9 அல்லது 2.0. கூடவே நல்ல ஆயில் கூலர். இதில் ‘உங்கள் எஞ்ஜினுக்குப் பின்னால்’ என்பதைத்தான் அடிக்கோடிட்டுப் படிக்க வேண்டும். பெட்டியில் 3200 என்று அச்சடித்த கன்வர்ட்டர் ஒரு எஞ்ஜினில் 2600-இலும் இன்னொன்றில் 3900-இலும் ஸ்டால் ஆகும். இந்த மூன்று எண்களும் ஒரே கன்வர்ட்டருடையதாக இருக்கலாம். அதனால் ஏன் இந்த அளவு என்பதை விளக்கிவிடுகிறேன். வேறு எஞ்ஜின் வைத்திருப்பவர்களும் இதே வழியில் கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

உள்ளே இருப்பது மூன்று சக்கரங்கள். வெளிக்கூடு, எஞ்ஜினின் கிராங்க்ஷாஃப்ட் முனையில் உள்ள ஃப்ளெக்ஸ்பிளேட் என்ற தட்டில் போல்ட் ஆகி எஞ்ஜினோடு சுற்றும். அந்தக் கூட்டோடு பற்றவைத்தது இம்பெல்லர். அது வீசும் ஆயில் டர்பைனில் மோதும். டர்பைன் கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட்டில் ஸ்ப்ளைனில் உட்கார்ந்திருக்கும். டர்பைனிலிருந்து திரும்பி வரும் ஆயிலைத் திசை மாற்றி மறுபடி இம்பெல்லருக்கு அனுப்புவது நடுவில் உள்ள ஸ்டேட்டர். டார்க் பெருகுவது ஸ்டேட்டரால்தான். அதற்குள் ஒருவழி கிளட்ச் ஒன்று உண்டு. டர்பைன் வேகம் இம்பெல்லர் வேகத்தில் சுமார் 85 முதல் 90 சதவீதம் வரை ஏறியதும் ஸ்டேட்டர் தானும் சுற்றத் தொடங்கும், பெருக்கல் நின்றுவிடும்.

ஸ்டால் என்பது டர்பைனை அசையவிடாமல் பிடித்துக்கொண்டு முழு த்ராட்டில் கொடுத்தால் எஞ்ஜின் ஏறிப்போய் நிற்கும் ஆர்பிஎம். இம்பெல்லர் விழுங்கும் டார்க், ஆர்பிஎம்மின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். எஞ்ஜின் தரும் டார்க்கும் இம்பெல்லர் விழுங்கும் டார்க்கும் எங்கே சமமாகிறதோ அங்கே முள் நின்றுவிடும். இதைக் கன்வர்ட்டர் கட்டுபவர்கள் கே எண் என்பார்கள்: ஸ்டால் ஆர்பிஎம்மை அந்த ஆர்பிஎம்மில் எஞ்ஜின் தரும் டார்க்கின் வர்க்கமூலத்தால் வகுத்தால் கிடைப்பது. 3200 ஆர்பிஎம்மில் 400 நியூட்டன் மீட்டர் தரும் எஞ்ஜினில் ஒரு கன்வர்ட்டர் 3200-இல் ஸ்டால் ஆனால், 400-இன் வர்க்கமூலம் 20, கே எண் 160. அதே கன்வர்ட்டரை 270 நி.மீ. தரும் ஆறு சிலிண்டர் எஞ்ஜினில் மாட்டினால் 160 பெருக்கல் 16.4, அதாவது 2630-இல் ஸ்டால். 600 நி.மீ. தரும் டர்போ எஞ்ஜினில் 160 பெருக்கல் 24.5, அதாவது 3920.

கையில் டைனோ (டார்க்கை அளக்கும் கருவி) தாள் இருந்தால் வாங்கும் முன்பே இதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 2800-இல் 385 நி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். 160-ஐ 19.6-ஆல் பெருக்கினால் 3140. எஞ்ஜின் இருப்பது 2800-இல், ஆகவே இன்னும் ஏறும். 3600-இல் 420 நி.மீ. என்றால் 160 பெருக்கல் 20.5, அதாவது 3280. எஞ்ஜின் அங்கே போய் நிற்கவே முடியாது. இரண்டும் ஒன்றாகும் இடம் 3200. ஒரு எச்சரிக்கை: சக்கரத்தில் அளக்கும் டைனோவில் லாக்கப் பிடிக்காமல் ஓட்டியிருந்தால், கீழ் ஆர்பிஎம்மில் காட்டும் டார்க் கன்வர்ட்டர் பெருக்கிக் காட்டுவது. அதை எஞ்ஜின் டார்க் என்று எடுத்துக்கொண்டால் கணக்கு முழுக்கத் தவறிப்போகும். லாக்கப் பிடித்த ஓட்டத்தின் எண்களைத்தான் எடுக்க வேண்டும்.

ஸ்டாலை அளக்கும் முறையைப் பொறுத்தும் எண் மாறும், விற்பவர் எந்த முறையில் சொல்கிறார் என்று கேட்டுவிடுங்கள். பிரேக்கை மிதித்து த்ராட்டில் கொடுத்தால் ஒரு கட்டத்தில் பின்சக்கரம் பிரேக்கை மீறிச் சுற்றிவிடும், எண் குறைவாகத்தான் வரும். டிரான்ஸ்பிரேக் (கியர்பாக்ஸையே உள்ளே பூட்டி வண்டியை நகரவிடாமல் பிடிக்கும் அமைப்பு) உள்ள கியர்பாக்ஸில் வருவது உண்மையான ஸ்டால். உயர்ந்த கியரில் மெல்ல உருளவிட்டுச் சட்டென்று முழு த்ராட்டில் மிதித்தால் முள் தாவி ஒரு நொடி தயங்கும் இடம் ஃபிளாஷ் ஸ்டால். தெரு வண்டியில் நீங்கள் உணரப்போவது இந்தக் கடைசி எண்ணைத்தான்.

அடுத்தது விட்டம். ஒரே வடிவ இறக்கைகள் என்றால், குறிப்பிட்ட ஆர்பிஎம்மில் கன்வர்ட்டர் விழுங்கும் டார்க் விட்டத்தின் ஐந்தாம் அடுக்குக்கு ஏற்ப மாறும். கம்பெனி 300 மி.மீ. கன்வர்ட்டரை எடுத்துவிட்டு 254 மி.மீ. போட்டால், அதே ஆர்பிஎம்மில் அது விழுங்குவது பழையதில் 43.5 சதவீதம் மட்டுமே. 1700-இல் ஸ்டால் ஆன வண்டி, எஞ்ஜின் டார்க் மாறவில்லை என்றால், விட்டம் குறைந்ததாலேயே சுமார் 2580-க்குப் போய்விடும். மீதியை இறக்கைக் கோணத்திலும் ஸ்டேட்டரிலும் எடுப்பார்கள். சுற்றும் எடை குறைவதால் எஞ்ஜின் சுறுசுறுப்பாக ஏறுவது கூடுதல் லாபம்.

விலை மலிவான ‘ஹை ஸ்டால்’ கன்வர்ட்டர்கள் பலவற்றில் நடக்கும் ஏமாற்றம் இங்கேதான். கம்பெனியின் பெரிய கூட்டையே வைத்துக்கொண்டு, இம்பெல்லர் இறக்கைகளைப் பின்னோக்கி வளைத்து ஸ்டாலை ஏற்றிவிடுவார்கள். எண் வந்துவிடும். ஆனால் கீழே லூஸாக இருக்கும் அந்தக் கன்வர்ட்டர் மேலேயும் லூஸாகவே இருக்கும்: 6000 ஆர்பிஎம்மில் வழுக்கும், ஆயில் கொதிக்கும், டிராக்கின் கடைசியில் வேகம் வராது. கீழே எளிதில் ஏறவிட்டு மேலே இறுகப் பிடிக்கும் கன்வர்ட்டருக்குச் சிறிய விட்டம், சரியான இறக்கைக் கோணம், அதற்கென்று வடிவமைத்த ஸ்டேட்டர் மூன்றும் வேண்டும். ஆகவே ஸ்டால் எண்ணுக்கு முன் விட்டம் என்ன என்று கேளுங்கள். 3200 ஸ்டால், 12 அங்குலம் என்று பதில் வந்தால் அதை விட்டுவிடுங்கள்.

ஸ்டால் டார்க் விகிதம் என்பது டர்பைன் நிற்கும்போது டார்க் எத்தனை மடங்கு பெருகுகிறது என்பது. பொதுவாக 1.6 முதல் 2.5 வரை. பெரியது என்றால் நல்லது என்று நினைக்கத் தோன்றும். அப்படி இல்லை. வண்டி வேகமெடுக்க எடுக்கப் பெருக்கல் குறைந்துகொண்டே வந்து 1-இல் முடியும். அதிக விகிதத்துக்கு அமைத்த ஸ்டேட்டர், மேல் ஆர்பிஎம்மில் திறனைக் கொஞ்சம் விழுங்கும். 4எல்60இ-யின் முதல் கியர் 3.06, ஆக்சில் 3.73-ஓடு சேர்ந்தால் 11.4 மடங்கு. அதன்மேல் 2.0 என்றால் நின்ற இடத்தில் கிட்டத்தட்ட 23 மடங்கு டார்க் சக்கரத்துக்குப் போகிறது. தெரு டயர் அதையே தாங்காது. முதல் கியர் 1.76 மட்டுமே உள்ள பவர்கிளைட் போன்ற இரண்டு கியர் பாக்ஸில்தான் பெரிய விகிதத்துக்கு வேலை அதிகம். இன்புட் ஷாஃப்டையும் நினைக்க வேண்டும்: 400 நி.மீ. எஞ்ஜின் புறப்படும்போது 800 நி.மீ.-ஆக உள்ளே போகிறது. 4எல்60இ-யில் சன் ஷெல் (உள்ளே சன் கியரோடு இணையும் உலோகக் கூடு) உடைவது பெயர் பெற்ற பலவீனம். கியர்பாக்ஸ் இறங்கியிருக்கும்போதே வலுவூட்டிய ஷெல் போட்டுவிடுவது நல்லது. (1965 முதல் 1967 வரை வந்த சில டர்போ ஹைட்ராமேட்டிக் 400 கியர்பாக்ஸ்களில் ஸ்டேட்டர் இறக்கையின் கோணமே ஓடும்போது மாறும். ஒரே கன்வர்ட்டரில் இரண்டு ஸ்டால். அழகான வேலை அது.)

இப்போது உங்கள் எஞ்ஜின். கேம்ஷாஃப்ட்டின் 224 டிகிரி என்பது கேம்மேல் ஓடும் லிஃப்டர் 0.050 அங்குலம் உயர்ந்த நிலையிலிருந்து அளக்கும், வால்வு திறந்திருக்கும் காலம். இந்த அளவு கேம், ஐடிலுக்கும் 2000-க்கும் இடையில் டார்க்கைக் கொஞ்சம் எடுத்து மேலே கொண்டுபோய் வைக்கும். கம்பெனி கன்வர்ட்டர் அந்தப் பலவீனமான இடத்திலேயே எஞ்ஜினைப் பிடித்து வைக்கிறது. புறப்பாடு மந்தமாவது அதனால். ஐடில் திணறுவதும் அதே காரணம்: டர்பைன் நிற்க, இம்பெல்லர் 700, 800 ஆர்பிஎம்மிலேயே டார்க்கை விழுங்குகிறது. கே எண் கூடினால் ஐடிலில் விழுங்குவது அதன் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். கே 90-இலிருந்து 160-க்குப் போனால் ஐடிலில் எஞ்ஜின்மேல் விழும் பாரம் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழ்.

தெரு வண்டிக்கு நான் வைத்துக்கொள்ளும் அளவு, டார்க் உச்சத்துக்கு 1000 முதல் 1500 ஆர்பிஎம் கீழே ஸ்டால். டிராக்கில் மட்டும் ஓடும் வண்டிக்கு உச்சத்தை ஒட்டி. இந்த கேமுடன் 5.3-இன் உச்சம் 4400-ஐ ஒட்டி வரும், ஆகவே 3000 முதல் 3200. 2800-ம் தவறில்லை, ஐடில் தொல்லை தீரும், புறப்பாடு ஓரளவு திருந்தும், ஆனால் கேம் மாற்றியதன் பலன் முழுதாகக் கிடைக்காது. 3600 இந்த எடைக்கும் தினசரி ஓட்டத்துக்கும் அதிகம்: ஒவ்வொரு சிக்னலிலும் எஞ்ஜின் சத்தம் முன்னே போகும், வண்டி பின்னே வரும், ஆயில் சூடு ஏறிக்கொண்டே இருக்கும்.

கியர் மாறும்போது ஆர்பிஎம் எவ்வளவு விழுகிறது என்பதையும் ஸ்டாலோடு ஒப்பிட வேண்டும். 4எல்60இ-யில் இரண்டாம் கியர் 1.63. 6400-இல் முதலிலிருந்து இரண்டுக்கு மாறினால் டர்பைன் 6400 பெருக்கல் 1.63 வகுத்தல் 3.06, அதாவது 3410-க்கு விழும். டைட்டான கன்வர்ட்டர் எஞ்ஜினையும் ஏறக்குறைய அங்கேயே இழுத்துக்கொண்டு போகும். 3200 ஸ்டால் உள்ளது எஞ்ஜினை அதற்கு மேலே, நல்ல டார்க் உள்ள இடத்தில் பிடித்துவைக்கும். டர்போ 400-இல் விகிதம் 2.48, 1.48, அங்கே 3820-க்குத்தான் விழும். ஆகவே ஒரே எஞ்ஜினுக்கு 4எல்60இ-யில் கொஞ்சம் அதிக ஸ்டால் பொருந்தும். ஆறு, எட்டு கியர் பாக்ஸ்களில் இந்த வீழ்ச்சி இன்னும் சிறியது, முதல் கியரும் 4-க்கு மேல். அவற்றுக்குப் பெரிய ஸ்டால் பெரும்பாலும் வீண்.

3200 ஸ்டால் என்றால் 3200 வரை வண்டி நகராது, நெடுஞ்சாலையில் எந்நேரமும் வழுக்கும் என்ற பயம் நிறையப் பேருக்கு உண்டு. மேலே சொன்ன கே எண்ணே இதற்குப் பதில். உங்கள் வண்டி 100 கி.மீ. வேகத்தில், 0.70 நான்காம் கியரில், லாக்கப் பிடித்த நிலையில் 2100 ஆர்பிஎம்மில் ஓடும். அந்த வேகத்துக்கு 18 கிலோவாட் வேண்டும் என்று கொண்டால் எஞ்ஜின் தருவது 82 நி.மீ. அதன் வர்க்கமூலம் 9.06, 160-ஆல் பெருக்கினால் 1450. மென்மையாக ஓட்டும்போது இந்தக் கன்வர்ட்டரின் ஸ்டால் 1450 மட்டுமே. நீங்கள் 2100-இல் அதைத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கிறீர்கள். லாக்கப் இல்லாவிட்டாலும் பத்து சதவீதத்தை ஒட்டித்தான் வழுக்கும். ஆனால் அந்தப் பத்து சதவீதம் 1.8 கிலோவாட் சூடாக மணிக்கணக்கில் ஆயிலில் இறங்கும். தினசரி வண்டிக்கு லாக்கப் வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வது அதனால்தான்.

லாக்கப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. டர்பைனை முன் கூட்டோடு நேராக இணைக்கும் கிளட்ச் அது. புதிய கண்டுபிடிப்பும் இல்லை, 1949-இலேயே பேக்கார்ட் அல்ட்ராமேட்டிக்கில் வந்துவிட்டது. ஒற்றைத் தட்டு லாக்கப் சீரான ஓட்டத்துக்கானது. முழு த்ராட்டிலில் லாக்கப்பைப் பிடிக்கவைத்தால் லைனிங் கருகி, அந்தத் தூள் ஆயிலோடு கியர்பாக்ஸின் வால்வு பாடிக்குள் போகும். உங்கள் அளவு டார்க்குக்கு நல்ல லைனிங் உள்ள ஒற்றைத் தட்டு போதும். முழு த்ராட்டிலில் லாக்கப் பிடிக்காதபடி கணினியில் அமைத்தால் சரி. 600 நி.மீ. தாண்டினாலோ, பாரம் இழுத்தாலோ பல தட்டு லாக்கப்பும் பில்லெட் (ஒரே உலோகக் கட்டியிலிருந்து கடைந்த) முன் கூடும் வேண்டும். அழுத்திச் செய்த தகட்டுக் கூடு அழுத்தத்தில் வளையும்; வளைந்தால் தட்டு ஓரத்தில் மட்டும் பிடிக்கும். இன்னொன்று: சில கணினிகள் லாக்கப்பை முழுதாகப் பிடிக்காமல் சற்று வழுக்கவிட்டே ஓட்டும். அதற்கேற்ற லைனிங் இல்லை என்றால் சில ஆயிரம் கிலோமீட்டரில் அதிர்வு தொடங்கும். கட்டுபவரிடம் வண்டியின் ஆண்டையும் மாடலையும் சொல்லி இதைத் தனியாகக் கேளுங்கள்.

டர்போ, நைட்ரஸ் போடும் எண்ணம் பின்னாளில் இருந்தால் இப்போதே சொல்லிவிட வேண்டும். டர்போவில் இரண்டு ஸ்டால் உண்டு. பூஸ்ட் வருமுன் 300 நி.மீ. என்றால் நம் 160 கே கன்வர்ட்டர் 2770-இல் நின்றுவிடும். டர்போ சுழன்றெழ 3200 வேண்டும் என்றால் வண்டி அங்கேயே காத்துக்கிடக்கும். பூஸ்ட் வந்து 650 ஆனதும் ஸ்டால் 4080-க்குத் தாவும். பூஸ்ட் இல்லாத டார்க்கிலேயே டர்போவின் தொடக்க ஆர்பிஎம்மைத் தாண்டும்படியும், பூஸ்டில் அளவுக்கு மீறிப் போகாதபடியும் தேர்வது நுணுக்கமான வேலை. அதற்கு டார்க் விகிதம் குறைந்த ஸ்டேட்டரே பொருந்தும். நைட்ரஸில் கணக்கு நேரானது: 400 நி.மீ. 560 ஆனால் 3200 ஸ்டால் 3790 ஆகும்.

கட்டுமானத்தில் கேட்க வேண்டியவை. இறக்கைகள் கூட்டில் வெறுமனே சொருகி மடித்தவையா, உலையில் பிரேஸ் செய்தவையா (உருகும் உலோகத்தால் ஒட்டியவையா)? பிரேஸ் செய்தது வேண்டும். சொருகியது அதிர்ந்து அதிர்ந்து தளரும், ஒன்று கழன்றால் எல்லாவற்றையும் அரைத்துவிடும். ஸ்டேட்டருக்கு இருபுறமும் ஊசி பேரிங்கா, வெறும் வாஷரா? பேரிங். ஒருவழி கிளட்ச் வலுவூட்டியதா? ஹப் (கியர்பாக்ஸ் பம்ப்பைச் சுற்றும் கழுத்து) கடினப்படுத்தியதா? டிராக்கில் டிரான்ஸ்பிரேக்கோடு ஓடும் கன்வர்ட்டருக்குப் பலூன் ஆகாதபடி தடுக்கும் தகடு அவசியம். உள்ளே அழுத்தம் ஏறிக் கூடு உப்பினால், ஹப் பின்னே தள்ளி கியர்பாக்ஸ் பம்ப்பை அரைக்கும், முன்னே தள்ளி கிராங்க்ஷாஃப்ட்டின் த்ரஸ்ட் பேரிங்கைத் தின்றுவிடும். உங்கள் உபயோகத்துக்கு அந்தத் தகடு இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் ஓடாது என்றில்லை.

பொருத்தம் தனி விஷயம். 4எல்60இ-யில் 298 மி.மீ., 300 மி.மீ. என இரண்டு வகைக் கன்வர்ட்டர்கள் வந்தன. இரண்டுக்கும் இன்புட் ஷாஃப்டும் பம்ப்பும் வேறு, ஒன்றுக்கொன்று மாற்ற முடியாது. கியர்பாக்ஸ் ஆண்டை மட்டும் நம்பாமல் கழற்றிப் பார்த்துச் சொல்லுங்கள். கட்டுபவர் எடை, ஆக்சில், டயர், கேம் விவரம், கம்ப்ரஷன், கியர் மாற்றும் ஆர்பிஎம், உபயோகம் எதையும் கேட்காமல் எண்ணை மட்டும் கேட்டு அனுப்பினால், வேறு கடை பாருங்கள்.

சூடு. 300 நி.மீ. எஞ்ஜினை 2400-இல் ஸ்டாலில் பிடித்தால் 75 கிலோவாட் முழுவதும் ஆயிலில் இறங்குகிறது. கன்வர்ட்டருக்குள் 4 லிட்டர் ஆயில் என்றால் நொடிக்கு ஏறத்தாழ 11 டிகிரி செல்சியஸ் ஏறும். ஸ்டால் சோதனை 5 நொடிக்கு மேல் கூடாது என்பது இதனால்தான். ஓடும்போது ஆயில் 80 முதல் 95 டிகிரிக்குள் இருந்தால் நிம்மதி. 120-ஐத் தாண்டினால் ஆயில் கெட்டு வார்னிஷ் படியத் தொடங்கும், 150-ஐ நெருங்கினால் சீல்கள் இறுகும், கிளட்ச் கருகும். ரேடியேட்டருக்குள் உள்ள சிறிய கூலர் போதாது. அதற்குப் பிறகு வரிசையாக ஒரு தட்டு வகைக் கூலர், முன்னால் காற்று படும் இடத்தில். வெப்பமானியின் முனையை, கன்வர்ட்டரிலிருந்து கூலருக்குப் போகும் குழாயில் பொருத்தினால் உண்மை தெரியும். பான் வெப்பநிலை தாமதித்தே காட்டும். பழைய கியர்பாக்ஸ் எரிந்து இறங்கியிருந்தால் பழைய கூலரைக் கழுவி நம்ப வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

மாட்டும்போது பணம் பாழாவது பெரும்பாலும் ஒரே இடத்தில். புது கன்வர்ட்டரில் ஒரு லிட்டர் ஆயில் ஊற்றி, ஹப்பின் வெளிப்புறத்தில் ஆயில் தடவி, நேராகப் பிடித்து உள்ளே தள்ளிக்கொண்டே சுற்ற வேண்டும். மூன்று முறை இறங்கும்: ஸ்டேட்டர் ஸ்ப்ளைன், டர்பைன் ஸ்ப்ளைன், கடைசியாக பம்ப். கடைசி இறக்கம் சிறியது, கையில் ஒரு மென்மையான தட்டு மட்டும் உணர்வீர்கள். அது வரவில்லை என்றால் கன்வர்ட்டர் முழுதாக உட்காரவில்லை. அப்படியே கியர்பாக்ஸைத் தூக்கி, பெல்ஹவுசிங் (கியர்பாக்ஸின் முன் உறை) எஞ்ஜினில் ஒட்டாமல் விரற்கடை இடைவெளி நிற்கும்போது போல்ட்டால் இழுத்து மூடினால், பம்ப் கியர் அங்கேயே உடையும். பெல்ஹவுசிங் கையால் தள்ளியே முழுதாக ஒட்ட வேண்டும். ஒட்டியபின் கன்வர்ட்டரைக் கையால் சுற்றிப் பாருங்கள், தடையின்றிச் சுற்ற வேண்டும். அதைப் பின்னே தள்ளிவைத்து ஃப்ளெக்ஸ்பிளேட்டுக்கும் கன்வர்ட்டரின் காதுக்கும் (போல்ட் மாட்டும் இடம்) உள்ள இடைவெளியை அளங்கள்: 2 முதல் 5 மி.மீ. சரி. இடைவெளியே இல்லை என்றால் ஏதோ பொருந்தவில்லை, நிறுத்துங்கள். 5-க்கு மேல் என்றால் மூன்று காதிலும் ஒரே தடிமன் வாஷர் வைத்துச் சரிசெய்யுங்கள். போல்ட் நீளத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் நீளமானாலும் முனை முன் கூட்டைக் குத்திப் புடைக்கவைக்கும், உள்ளே லாக்கப் தட்டு உட்காரும் முகம் அதோடு கெட்டுவிடும். டிராக் விதிகள் கேட்டால் எஸ்எஃப்ஐ 29.1 (பந்தயப் பாகங்களுக்கான பாதுகாப்புத் தரம்) முத்திரை உள்ள ஃப்ளெக்ஸ்பிளேட் இப்போதே போட்டுவிடலாம்.

கணினிக்கு இந்த மாற்றம் தெரியாது. ஐடில் காற்று, கியர் மாறும் வேகங்கள், லாக்கப் பிடிக்கும் வேகமும் விடும் த்ராட்டில் அளவும் மறுபடி அமைக்க வேண்டும். செய்யாவிட்டால் வழுக்கலைக் கோளாறு என்று எண்ணி பி0741 போன்ற குறியீட்டைக் காட்டும், அல்லது லாக்கப்பைப் பிடித்துப் பிடித்து விட்டுக்கொண்டிருக்கும். முதல் சில நூறு கிலோமீட்டர் மென்மையாக ஓட்டி, ஆயில் நிறத்தையும் வாசத்தையும் பாருங்கள். பழுப்பேறிக் கருகிய வாசம் வந்தால் ஓட்டத்தை நிறுத்திக் காரணத்தைத் தேடுங்கள்.

பிறகு வழுக்கலை அளங்கள். சக்கர ஆர்பிஎம், வேகத்தை 5.305-ஆல் பெருக்கி டயர் விட்டத்தால் மீட்டரில் வகுத்தால் வரும். டிராக்கின் முடிவில் 180 கி.மீ., டயர் 0.66 மீட்டர் என்றால் 1447. ஆக்சில் 3.73, மூன்றாம் கியர் 1.00: வழுக்கலே இல்லாவிட்டால் எஞ்ஜின் 5397-இல் இருக்க வேண்டும். பதிவில் 5750 இருந்தால் வழுக்கல் 6 சதவீதம்; நல்ல கன்வர்ட்டர். 4-ஐ ஒட்டி வந்தால் மிக நன்று. 10-ஐத் தாண்டினால் மேலே லூஸ், அந்தத் திறன் முழுக்க ஆயிலைச் சூடாக்கப் போகிறது. டயர் வேகத்தில் விரியும் என்பதால் ஓரிரு சதவீதம் பிழைக்கு இடம் கொடுங்கள்.

ஸ்டால் எதிர்பார்த்ததிலிருந்து விலகினால் காரணத்தைப் பிரித்துப் பார்க்கலாம். மிகக் குறைவாக வந்து, புறப்பாடும் மந்தமாக, ஆனால் வேகமெடுத்தபின் சரியாக ஓடினால் ஸ்டேட்டரின் ஒருவழி கிளட்ச் பிடிக்கவில்லை. புறப்பாடு நன்றாக இருந்து, மேல் வேகம் வராமல் ஆயில் கொதித்தால் அதே கிளட்ச் இரு திசையிலும் இறுகிப்போயிருக்கிறது. ஸ்டால் மிக அதிகம் என்றால் கன்வர்ட்டரைக் குறைசொல்லும் முன் ஆயில் மட்டத்தையும் கியர்பாக்ஸின் கிளட்ச்களையும் பாருங்கள். இவை எதுவும் இல்லாமல் 200, 300 ஆர்பிஎம் மட்டும் விலகியிருந்தால் புதிது வாங்க வேண்டியதில்லை. பதிவு செய்த ஆர்பிஎம், வேகம், டார்க் எண்களோடு கட்டியவருக்கே திருப்பி அனுப்பினால், கூட்டை வெட்டித் திறந்து ஸ்டேட்டரை மாற்றியோ இறக்கைக் கோணத்தைத் திருத்தியோ மறுபடி பற்றவைத்து பேலன்ஸ் செய்து தருவார்கள். அப்படித் திருத்தித் தருவதற்குத் தனிக் கட்டணம் உண்டா என்பதை வாங்கும் நாளிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.